தோட்டத்தில் பேட்டியோ போட எவ்வளவு செலவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டியோ என்று எதைச் சொல்கிறோம்?

வீட்டை ஒட்டியோ தோட்டத்துக்கு நடுவிலோ, தரை மட்டத்தில் கல், டைல்ஸ் அல்லது கான்கிரீட் பாவிய திறந்தவெளித் தளம்தான் பேட்டியோ. நாலு நாற்காலி போட்டு உட்காரலாம், குழந்தைகள் சேறு ஆகாமல் விளையாடலாம். கூரை, பந்தல், கைப்பிடிச் சுவர் எல்லாம் இதில் சேராது. அவை வேண்டுமென்றால் அது தனிச் செலவு, தனிக் கணக்கு.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாதா?

சொல்லலாம், பலர் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு எண்ணை நம்பி வேலையைத் தொடங்கியவர்களில் பலர் நடுவில் கூடுதல் பணத்துக்கு அலைந்திருப்பார்கள். விலை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். மாறாதது அளவு. எத்தனை கன அடி மண் தோண்ட வேண்டும், எத்தனை கன அடி ஜல்லி வேண்டும், எத்தனை கல் வேண்டும் என்பது ஒரே மாதிரி மண், ஒரே மாதிரித் தளம் என்றால் எங்கே போனாலும் ஒன்றுதான். அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்து விலையை விசாரித்து எழுதினால், உங்கள் வீட்டுக்கான கணக்கு உங்களிடமே இருக்கும். கீழே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

எவ்வளவு பெரிய தளம் வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

நாலு பேர் உட்காரும் மேசைக்குச் சுமாராக 10 அடிக்கு 10 அடி வேண்டும். மேசை அவ்வளவு பெரியதில்லை. நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்கவும், உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் நடந்து போகவும் ஒவ்வொரு பக்கமும் 3 அடியாவது தேவைப்படும். தாளில் வரைவதைவிட, இருக்கிற மேசை நாற்காலியைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்து, சுற்றிலும் கயிறு போட்டு இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

செலவு எதில் எதில் போகிறது?

20 அடிக்கு 10 அடி, அதாவது 200 சதுர அடித் தளத்தில் பேவர் பிளாக் (கான்கிரீட்டில் வார்த்த சிறு கல்) பதிப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் மண் தோண்ட வேண்டும். ஜல்லிக்கு 4 அங்குலம், மணல் படுக்கைக்கு 1 அங்குலம், கல்லுக்கு இரண்டரை அங்குலம் என்று கூட்டினால் சுமார் 8 அங்குலம் ஆழம். 200 சதுர அடிக்கு அது ஏறக்குறைய 133 கன அடி மண். தோண்டியதும் மண் பொலபொலத்து உப்பும், கால் பங்கு கூடும். ஆக, வெளியே போக வேண்டியது 165 கன அடிக்கு மேல். ஒரு தள்ளுவண்டியில் 2 கன அடி பிடிக்கும் என்றால் எண்பதுக்கும் மேற்பட்ட நடை. எடை என்று பார்த்தால் ஆறு டன்னை ஒட்டி வரும். இந்த மண்ணை யார், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதைப் பேசாமல் விட்டால், வேலை முடிந்த அன்று வாசலில் ஒரு குன்று நிற்கும்.

அடுத்தது ஜல்லி. இறுக்கிய பிறகு 4 அங்குலம் நிற்க வேண்டும், அதற்குச் சுமார் 67 கன அடி. இறுக்கும்போது அமுங்கும் என்பதால் 80 கன அடிக்கு மேல் வாங்க வேண்டியிருக்கும். ஒரே அளவு ஜல்லி மட்டும் போதாது. பெரிய கல், சின்ன கல், தூள் மூன்றும் கலந்திருந்தால்தான் இடுக்கெல்லாம் நிரம்பி இறுகும். 4 அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் பிளேட் காம்பாக்டரால் (தரையை அதிர்த்து இறுக்கும் இயந்திரம்) தனித்தனியாக இறுக்க வேண்டும். இயந்திரத்துக்கு வாடகை உண்டு.

மணல் சுமார் 17 கன அடி. மண்ணும் ஜல்லியும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க நடுவே விரிக்கிற ஜியோடெக்ஸ்டைல் துணி 200 சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக. களிமண் பூமி என்றால் இந்தத் துணியை விட்டுவிடாதீர்கள்.

கல்லைப் பொறுத்தவரை, 200 மி.மீ.க்கு 100 மி.மீ. பேவர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50. நம் தளம் 18.6 சதுர மீட்டர், எனவே 930 கல். வெட்டு, உடைசல் என்று 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் ஆயிரத்தை ஒட்டி வரும். ஆட்கள் மட்டும் நடக்கிற இடத்துக்கு 60 மி.மீ. கனம் தாராளம். கார் ஏறும் என்றால் 80 மி.மீ. கேளுங்கள், அப்போது ஜல்லியின் கனமும் கூட வேண்டும்.

சுற்றிலும் ஓரக்கல். வீட்டுச் சுவர் ஒரு நீளப் பக்கத்தை அடைத்துக்கொண்டால் மீதி மூன்று பக்கம், 40 அடி. ஓரம் பிடித்து நிற்காவிட்டால் மணலும் கல்லும் மெல்ல வெளியே நகரும்.

இதற்கெல்லாம் மேல் கூலி. கூலி அதிகமுள்ள இடங்களில் அது பொருள் விலையையே தாண்டிவிடும். அதில் பெரும் பங்கு கல் பதிப்பதற்குப் போவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் தோண்டுவது, சுமப்பது, இறுக்குவது இவைதான் ஆள் பலத்தைத் தின்பவை.

இரண்டு பேர் கொட்டேஷன் கொடுத்தார்கள். ஒன்று மற்றதில் பாதிதான். எதை எடுப்பது?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பாதி விலைக்காரரைத்தான் எடுத்தேன். மூன்று நாளில் வேலை முடிந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. முதல் மழைக்காலம் போன பிறகு, சமையலறை வாசலிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு கல்லில் கால் வைத்தால் 'டக்' என்று ஆடத் தொடங்கியது. பிறகு பக்கத்துக் கல். பிறகு அந்த மூலை முழுக்கவே கிண்ணம் போலக் குழிந்துவிட்டது.

ஒரு நாள் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பி, அந்த முதல் கல்லை எடுத்தேன். கீழே இரண்டு விரல் கனத்துக்கு மணல். மணலைக் கையால் ஒதுக்கினால் செடிக்குப் போடுகிற கறுப்பு மண், பழைய புல் வேரோடு அப்படியே இருந்தது. ஜல்லி ஒரு கைப்பிடி இல்லை. கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். 'தரை தயார் செய்தல்' என்று ஒரே வரி. எத்தனை அங்குலம், எதைப் போட்டு, எப்படி என்று நானும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். கல்லில் பெரும்பகுதி திரும்பப் பயன்பட்டது. ஆனால் பதிப்புக் கூலி இரண்டு முறை, எடுத்த கூலி ஒரு முறை, அதற்கு மேல் முதலிலேயே செய்திருக்க வேண்டிய மண்வேலையும் ஜல்லியும். கூட்டிப் பார்த்தால் அன்றைக்கு வேண்டாம் என்று விட்ட கொட்டேஷனைத் தாண்டியது.

அதனால் கொட்டேஷனில் மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் இவை எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள்: தோண்டும் ஆழம், ஜல்லி இறுக்கிய பிறகு எத்தனை அங்குலம், கல்லின் கனம், ஓரக்கல் எத்தனை அடி, வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) எந்தப் பக்கம், மண் அகற்றுவது யார் பொறுப்பு. இல்லாததை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதி வாங்கிய பிறகு இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கே என்று பளிச்சென்று தெரியும். நேர்மையாக வேலை செய்பவர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

எந்தக் கல் மலிவு? எது நல்லது?

கான்கிரீட்டை வார்த்து விடுவது பெரும்பாலும் மலிவாக முடியும். 4 அங்குலக் கனத்தில் நம் 200 சதுர அடிக்கு 67 கன அடி கான்கிரீட் போதும். ஆனால் கான்கிரீட் இறுகும்போது சுருங்கும், எங்காவது விரிசல் விடத்தான் செய்யும். 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு விட்டால் விரிசல் அந்தக் கோட்டிலேயே ஒளிந்துகொள்ளும். வெட்டு விடாமல் போட்டால் தன் இஷ்டத்துக்கு ஓடும். பின்னால் குழாய் உடைந்து தோண்ட வேண்டி வந்தால் ஒட்டுப்போட்டது காலத்துக்கும் தெரியும்.

பேவர் பிளாக்கின் பெரிய நன்மையே அங்கேதான் இருக்கிறது. எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். என் சிபாரிசு கேட்டால் முதல் முறை தளம் போடுகிற வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

இயற்கைக் கல்லில் கிரானைட் கெட்டி, எளிதில் கறை பிடிக்காது, ஆனால் வெட்டக் கடினம் என்பதால் கூலி ஏறும். மணற்கல் வெட்ட எளிது, ஆனால் தண்ணீரை உறிஞ்சும், நிழலான இடத்தில் பாசி பிடிக்கும். சுண்ணாம்புக் கல்லுக்கு ஆசிட் ஆகாது, ஆசிட் கலந்த கிளீனர் ஒருமுறை பட்டாலே மேற்பரப்பு அரித்துவிடும். கல் ஒரே கனத்தில் இல்லாமல் ஒன்று ஒன்றரை அங்குலம், ஒன்று இரண்டு அங்குலம் என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் கீழே கலவையை ஏற்றி இறக்கி மட்டம் பிடிக்க வேண்டும். கல்லை மலிவாக வாங்கி, மிச்சம் பிடித்ததைக் கூலியில் விட்டவர்கள் உண்டு.

வெளிப்புறத்துக்கான 20 மி.மீ. போர்சலின் டைல்ஸ் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கறை ஏறாது, நிறம் மங்காது. ஆனால் அது தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சவே உறிஞ்சாது என்பதால் வெறும் கலவையில் ஒட்டாது. பின்பக்கம் ஒட்டுப்பூச்சு தடவித்தான் பதிக்க வேண்டும். வெட்டுவதற்கும் நல்ல வைர பிளேடு வேண்டும். இந்த இரண்டையும் பற்றிக் கேட்டதும் விழிப்பவரிடம் போர்சலின் வேலையைக் கொடுக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் ஒரு கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, செருப்பு இல்லாமல் நின்று பாருங்கள். வழவழப்பான பாலிஷ் கல் வெளியே வேண்டவே வேண்டாம்.

வளைவு, வட்டம், குறுக்குச் சாய்வு வடிவங்கள் வைத்தால்?

வெட்டு அதிகமாகும். நேர்வரிசைக்கு 5 சதவீதம் கூடுதல் கல் போதுமென்றால் சாய்வு வரிசைக்கு 15 சதவீதம் வரை வாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் நேரம், நேரத்துக்குக் கூலி.

இன்னொரு வழி இருக்கிறது. தளத்தின் நீள அகலத்தை, கல்லும் இடைவெளியும் சேர்ந்த அளவின் மடங்காக வைத்துக்கொண்டால் வெட்டே இல்லாமல் முடிக்கலாம். 9 அடி 10 அங்குலமா, 10 அடியா என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, கட்டிங் மெஷினுக்குத் தெரியும்.

தளத்தைப் பாதியாகக் குறைத்தால் செலவும் பாதியாகுமா?

ஆகாது. இயந்திர வாடகை, லாரி வாடகை, ஆட்கள் வந்து போகிற நாள் இவையெல்லாம் சின்னத் தளத்துக்கும் உண்டு. ஓரக்கல்லும் பாதியாகாது. 20க்கு 10 அடியில் மூன்று பக்கம் 40 அடி என்றால், 10க்கு 10 அடியில் 30 அடி. தளம் சுருங்கச் சுருங்கச் சதுர அடி விலை ஏறத்தான் செய்யும்.

எங்கள் தோட்டத்துக்கு வீட்டுக்குள்ளால்தான் வழி. அதனால் செலவு கூடுமா?

கூடும், சில சமயம் கல்லின் விலையைவிட இதுதான் கணக்கை மாற்றும். மேலே சொன்ன எண்பது நடை மண், அதில் பாதியளவு ஜல்லி, ஆயிரம் கல் எல்லாம் ஒரு ஆள் நுழைகிற வழியில் கைச்சுமையாகப் போக வேண்டும். சின்னத் தோண்டும் இயந்திரம் உள்ளே வரும் வழி இருந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை, மண்வெட்டியில் மூன்று நாள் ஆகும். கொட்டேஷன் கேட்கும்போதே வழியின் அகலத்தை அளந்து சொல்லிவிடுங்கள். போனில் விலை சொல்கிறவரை அல்ல, நேரில் வந்து பார்க்கிறவரை நம்புங்கள்.

பழைய சிமென்ட் தளத்தின் மேலேயே பதிக்கலாமா?

பழைய தளம் விரிசலில்லாமல், ஆடாமல், வாட்டத்தோடு இருந்தால் பதிக்கலாம், நல்ல மிச்சம். ஆனால் உயரம் ஏறும். முடிந்த தளம் வீட்டின் உள்தரையைவிடக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மழைத் தெறிப்பும் ஈரமும் சுவரில் ஏறும். கதவு திறக்கும் பக்கம், ஜன்னலுக்குக் கீழே உள்ள காற்றோட்டத் துளை எதுவும் அடைபடக் கூடாது.

வாட்டம், வாட்டம் என்கிறார்களே, அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

200 சதுர அடித் தளத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர், அவ்வளவுதான் கணக்கு. அந்த 930 லிட்டரும் எங்காவது போயாக வேண்டும். வீட்டுப் பக்கம் வந்தால் அஸ்திவாரத்துக்கு ஆபத்து, பக்கத்து வீட்டுக்குப் போனால் சண்டை.

60 அடிக்கு ஒரு அடி என்ற வீதத்தில் வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிவு இருக்க வேண்டும். 10 அடி அகலத்துக்கு அது 2 அங்குலம். மேசை சாய்ந்து தெரியாது, தண்ணீர் மட்டும் ஓடும். இந்த 2 அங்குலத்தை மணலில் கொடுக்கக் கூடாது, தோண்டும்போதே மண்ணிலும் பிறகு ஜல்லியிலும் கொடுத்துவிட வேண்டும். மணலை ஒரு பக்கம் கூட்டி, ஒரு பக்கம் குறைத்து வாட்டம் பிடித்தால், கனமான பக்கம் அமுங்கி வாட்டமே கெட்டுவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டாம் முறை வேலை செய்த கொத்தனார், நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்ததோடு விடவில்லை. பணம் வாங்குவதற்கு முன் ஒரு பக்கெட் தண்ணீரைச் சுவரோரம் மெல்லச் சாய்த்துவிட்டு, என்னையும் கூப்பிட்டு நின்று பார்க்கச் சொன்னார். தண்ணீர் கல் இடுக்குகளில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரே தாராகத் திரண்டு புல்தரைப் பக்கம் ஓடியது. ஒரு கல்லில் மட்டும் காசளவுக்குத் தேங்கியது. அதை அப்போதே எடுத்துத் திரும்ப வைத்தார். நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் ஓட இடமே இல்லாத தோட்டம் என்றால் ஓரத்தில் ஜாலி (சல்லடை மூடி) போட்ட நீர்க்கால் அல்லது ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழி வேண்டும். அது தனிச் செலவு. முன்கூட்டியே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாமே செய்தால் எவ்வளவு மிச்சமாகும்?

கூலி முழுக்க மிச்சம், இயந்திர வாடகை மிச்சமாகாது. 100 சதுர அடிக்குள் நேர்வடிவத் தளம் என்றால், இரண்டு பேர் சில வார இறுதிகளில் செய்துவிடலாம். இடுப்பு வலி உள்ளவர்கள் ஆறு டன் கணக்கை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நடுவழி ஒன்றும் உண்டு: தோண்டுவதையும் மண் அகற்றுவதையும் நீங்கள் செய்துவிட்டு, ஜல்லியிலிருந்து மேலே தெரிந்தவரிடம் விடுவது. அப்படியென்றால் ஆழமும் வாட்டமும் எவ்வளவு வேண்டும் என்று அவரிடமே முதலில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தோண்டுவது யாராக இருந்தாலும், மின்சார ஒயர், கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் முதல் வெட்டு வெட்டாதீர்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

தரை மட்டத் தளத்துக்குப் பல இடங்களில் தேவைப்படாது. மண்ணை மூடும் பரப்புக்கும் மழைநீர் வடிகாலுக்கும் வரம்பு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நடுவில் எதிர்பாராத செலவு வருமா?

வரும். பழைய மரத்தின் அடிக்கட்டை, புதைந்த கட்டட இடிபாடு, மென்மையான நிரப்பு மண் இவையெல்லாம் தோண்டினால்தான் தெரியும். மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கூடுதல் வேலை வந்தால், செய்வதற்கு முன் விலை பேசுவது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

எத்தனை நாள் ஆகும்? எப்போது பயன்படுத்தலாம்?

200 சதுர அடிக்கு இரண்டு மூன்று பேர் வேலை செய்தால் நாலைந்து நாள். மணலில் பதித்த பேவரில் அன்றே நடக்கலாம். கான்கிரீட் என்றால் ஒன்றிரண்டு நாளில் காலடி வைக்கலாம், ஆனால் ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். முழு பலம் என்று கணக்கிடுவது 28 நாளில்.

பணம் பற்றவில்லை. எங்கே குறைக்கலாம்?

அளவில் குறையுங்கள், வடிவத்தில் குறையுங்கள், கல்லின் ஆடம்பரத்தில் குறையுங்கள். கல்லுக்குக் கீழே உள்ள அடித்தளத்தில் குறைக்காதீர்கள். இப்போது 10க்கு 10 அடி சரியான ஜல்லியோடு போட்டு, இரண்டு வருடம் கழித்து அதை ஒட்டி நீட்டலாம். அல்லது நடுவில் கல், ஓரங்களில் கூழாங்கல் என்று விட்டால் கல்லும் வெட்டும் குறையும், தண்ணீரும் தானாக இறங்கும். உபயோகித்த பழைய பேவர் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், அழுக்கு போகும், உடைந்த மூலையை மட்டும் கவனியுங்கள்.

போட்ட பிறகு வருடா வருடம் செலவு உண்டா?

பெரிதாக இல்லை. கல் இடுக்கில் மணல் குறைந்தால் காய்ந்த மெல்லிய மணலைத் தூவிப் பெருக்கி உள்ளே இறக்க வேண்டும். அது குறைந்தால் களை முளைப்பது எளிதாகிவிடும். பிரஷர் வாஷரை இடுக்கில் நேராகக் காட்டினால் மணலெல்லாம் வெளியே வந்துவிடும், சாய்வாகப் பிடியுங்கள்.

புதிய கான்கிரீட் கல்லில் வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம். உள்ளிருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுப்பட்டு வெளுக்கிறது. மழையிலும் நடமாட்டத்திலும் நாளாவட்டத்தில் போய்விடும்.

மீந்த கற்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பத்துப் பதினைந்தாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்றாலும் அடுத்த தடவை வருகிற சரக்கில் நிறம் கொஞ்சம் மாறும். நாங்கள் மறுபடி போட்டபோது உடைந்ததற்குப் பதில் புதிதாக வாங்கிய கற்கள் இன்றைக்கும் தனியாகச் சிவப்படித்துத் தெரிகின்றன. அவற்றையெல்லாம் பூந்தொட்டி வரிசைக்குக் கீழே தள்ளிவிட்டு, தோட்டக் கொட்டகையில் மீந்து கிடந்த பழைய பன்னிரண்டு கற்களை வாசலுக்கு எதிரே பதித்தார் கொத்தனார்.